சென்டர் ஸ்டாண்ட் இல்லாத பைக்குக்கு வீட்டில் எந்த ஸ்டாண்ட்? ஈரோட்டு வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பைக் ஸ்டாண்ட் வாங்கும் பேச்சு வந்தாலே "எத்தனை கிலோ தாங்கும், என்ன விலை" என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்த ஸ்டாண்ட் வண்டியை எந்த இடத்தில் பிடித்துத் தூக்குகிறது? வண்டியின் எலும்புக்கூடான ஃபிரேமிலா, பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் சுவிங்ஆர்மிலா, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கிலா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் அந்த ஸ்டாண்டில் எந்த வேலையைச் செய்யலாம், எதில் கை வைக்கவே கூடாது என்பது தானாகத் தெரிந்துவிடும். ஈரோட்டில் என் அக்கா வீட்டுக்கு ஒரு ஸ்டாண்ட் தேர்ந்தெடுத்த கதையை அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

அந்த வீட்டில் இரண்டு வண்டிகள். மச்சானுடையது ஹீரோ ஸ்பிளெண்டர் பிளஸ். 112 கிலோதான், சென்டர் ஸ்டாண்ட் உண்டு. அக்கா மகனுடையது பஜாஜ் பல்சர் என்எஸ் 200. எடை 155 கிலோவைச் சுற்றி வரும், சைடு ஸ்டாண்ட் மட்டும்தான். பையன் தினமும் பெருந்துறைக்குக் கல்லூரி போய் வருகிறான். போக வர 40 கிலோமீட்டர் அளவுக்கு ஆகிறது. செயினை 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் விட வேண்டும் என்று கணக்கு வைத்தால், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அந்த வேலை வந்துவிடும். அந்தச் சாலையில் லாரிப் புழுதியும் மழைச் சேறும் சேர்ந்தால் அதற்கும் முன்பே செயின் கருத்துப்போகும்.

இதுவரை அவன் செய்துவந்த முறை, சென்டர் ஸ்டாண்ட் இல்லாத வண்டி வைத்திருக்கும் பலரும் செய்வதுதான். சைடு ஸ்டாண்டில் நிறுத்தி, கண்ணுக்குத் தெரிகிற ஒரு முழம் செயினைத் துடைப்பது, வண்டியைக் கொஞ்சம் உருட்டுவது, அடுத்த முழத்தைத் துடைப்பது. எங்கே தொடங்கினோம் என்பது மறந்துபோய் ஒரே இடத்தை இரண்டு முறை துடைத்து, ஒரு பகுதியை விட்டுவிடுவது சாதாரணமாக நடக்கும். எண்ணெய் ஒரே சீராகப் போகாது. செயினில் இறுக்கமான இடம் எது, தொய்வான இடம் எது என்று சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கவும் வழியில்லை.

இன்னொன்றும் அவன் செய்துகொண்டிருந்தான், அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. வண்டியைச் சைடு ஸ்டாண்டின் மேல் சாய்த்து, பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும்படி ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் சக்கரத்தைச் சுற்றுவது. நண்பர்கள் இருவர் சேர்ந்தால் இப்படித்தான் வேலை நடந்திருக்கிறது. சைடு ஸ்டாண்ட் வண்டியின் ஒரு பங்கு எடையைத் தாங்குவதற்காகச் செய்தது. மீதியை இரண்டு சக்கரங்களும் தாங்கும். இப்படிச் சாய்க்கும்போது பெரும்பாரம் அந்த ஒற்றைக் காலுக்கும் அதன் போல்ட்டுக்கும் அது மாட்டியிருக்கும் பிராக்கெட்டுக்கும் போகிறது. கால் வளைந்தால் வண்டி அதிகமாகச் சாய்ந்து நிற்கும், அதோடு போனால் பரவாயில்லை. பிராக்கெட்டின் வெல்டிங் விட்டால் வண்டி சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மேல்தான் விழும்.

மச்சானின் முதல் யோசனை எளிமையானது. "மாப்ளே, நம்ம கிரில் பட்டறையில சொன்னா இதுக்கும் ஒரு சென்டர் ஸ்டாண்ட் அடிச்சுக் குடுத்துருவான். ஸ்பிளெண்டர்ல இருக்கறது இதுல ஏன் இருக்கக் கூடாது?" நியாயமான கேள்விதான். வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தால் பதில் கிடைக்கும். ஸ்பிளெண்டரில் சென்டர் ஸ்டாண்டுக்கென்றே ஃபிரேமில் பிடிமானம் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். என்எஸ் 200-இல் இருப்பது பெரிமீட்டர் ஃபிரேம். அது என்ஜினின் இருபுறமும் மேலே ஓடுகிறது, அடியில் தாங்கும் கம்பி கிடையாது. அந்த இடத்தில் இருப்பது சைலன்சர். ஸ்டாண்ட் மாட்ட இடமும் இல்லை, மடித்துவைக்க இடமும் இல்லை. எங்கேயாவது ஒரு தட்டை வெல்டிங் செய்து மாட்டினாலும், ஃபிரேமில் தீ படுகிற இடம் பலம் குறையும். வளைவில் சாய்க்கும்போது ஸ்டாண்ட் தரையில் உரசவும் கூடும். இந்த வகை வண்டிகளுக்குக் கம்பெனியே சென்டர் ஸ்டாண்ட் வைக்காததற்கு எடையும் இந்த இடநெருக்கடியும்தான் முக்கியக் காரணம்.

இதே காரணத்தால் கத்தரிக்கோல் ஜாக்கியும் தள்ளுபடியானது. என்ஜினுக்கு அடியில் வைத்துத் திருகினால் மேலே எழும்பும் அந்த வகை, அடியில் இரண்டு ஃபிரேம் கம்பிகள் ஓடும் வண்டிகளுக்கு நல்லது. ஹார்லி டேவிட்சன் மாதிரி குரூஸர்களுக்கு அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். என்எஸ்ஸில் வைத்தால் ஜாக்கியின் தட்டு சைலன்சரை நசுக்கும்.

அப்புறம் உருளைத் தட்டு. இரண்டு உருளைகள் பதித்த சின்னத் தட்டு அது. பின்சக்கரத்தை அதன் மேல் ஏற்றிவிட்டால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். செயின் துடைக்க மட்டும் வேண்டும், விலையும் குறைவாக இருக்க வேண்டும், வைக்க இடமும் இல்லை என்பவர்களுக்கு, குறிப்பாக அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு, அதைத் தயங்காமல் சொல்வேன். ஆனால் வண்டி அப்போதும் சைடு ஸ்டாண்டில்தான் நிற்கும். சக்கரத்தைக் கழற்ற முடியாது, பேரிங் ஆட்டம் பார்க்க முடியாது. அக்கா மகனுக்கு பிரேக் பேட் மாற்றுவதும் சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்பதும் கற்றுக்கொள்ள ஆசை. அதனால் அது போதாது என்று முடிவானது.

மிஞ்சியது பேடாக் ஸ்டாண்ட். ரேஸ் மைதானங்களில் வண்டிகளை நிறுத்தப் பயன்படுத்துவார்களே, பின்பக்கத்திலிருந்து நுழைத்துக் கைப்பிடியை அழுத்தினால் பின்சக்கரம் எழும்பும், அதுதான்.

பேடாக் ஸ்டாண்ட் எங்கே பிடிக்கிறது

இங்கேதான் முதலில் சொன்ன கேள்விக்கு வருகிறோம். சென்டர் ஸ்டாண்ட் ஃபிரேமைத் தூக்குகிறது. அதனால் பின்சக்கரமும் சுவிங்ஆர்மும் கீழே தொங்கும், ஷாக் அப்சார்பர் நீண்டுவிடும். பேடாக் ஸ்டாண்ட் சுவிங்ஆர்மின் பின்முனையை, சக்கரத்தின் அச்சான ஆக்சிலுக்குப் பக்கத்திலேயே தூக்குகிறது. சக்கரம் தரையைத் தொடவில்லையே தவிர, வண்டியின் எடை ஷாக் அப்சார்பர் வழியாக அப்படியே சுவிங்ஆர்மில் உட்கார்ந்திருக்கிறது. தரையில் நேராக நிற்கும்போது சஸ்பென்ஷன் எந்த நிலையில் இருக்குமோ கிட்டத்தட்ட அதே நிலைதான்.

இதனால் இரண்டு விளைவுகள். ஒன்று, செயின் தொய்வு. செயின் ஓடும் முன் பல்சக்கரமான ஸ்பிராக்கெட், சுவிங்ஆர்ம் ஃபிரேமோடு சேர்ந்து அசையும் இடமான பிவட், பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போது செயின் அதிகம் இறுகும். சுவிங்ஆர்ம் அந்தக் கோட்டிலிருந்து கீழே தொங்கத் தொங்கத் தொய்வு கூடும். ஆகவே ஒரே வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் அளந்தால் ஓர் அளவும், பேடாக் ஸ்டாண்டில் அளந்தால் வேறோர் அளவும் வரும். மேனுவலில் எத்தனை மில்லிமீட்டர் என்று போட்டிருப்பதோடு, எந்த நிலையில் நிறுத்தி அளக்க வேண்டும் என்றும் சொல்லியிருப்பார்கள். பலரும் அந்த இரண்டாவது வரியைப் படிப்பதில்லை. சென்டர் ஸ்டாண்டில் தொங்கவிட்டுச் செயினை இழுத்துக் கட்டிவிட்டு, ஆள் ஏறி உட்கார்ந்ததும் அது கம்பிபோல இறுகிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். கியர்பாக்ஸ் பக்கத்து பேரிங்கும் சீலும் அதில்தான் அடிவாங்குகின்றன. பேடாக் ஸ்டாண்டில் இந்தக் குழப்பம் குறைவு, ஏனென்றால் சுவிங்ஆர்ம் தரையில் நிற்கும் நிலையிலேயே இருக்கிறது.

இரண்டாவது விளைவு ஒரு தடை. பின் ஷாக் அப்சார்பரை பேடாக் ஸ்டாண்டில் வைத்துக் கழற்றவே கூடாது. வண்டியின் பின்பாதி அந்த ஷாக்கின் மேல்தான் நிற்கிறது. போல்ட்டை உருவினால் சீட்டோடு சேர்ந்து ஃபிரேம் கீழே இறங்கும். சுவிங்ஆர்ம் பிவட் வேலையும் அப்படியே. அதற்கெல்லாம் ஃபிரேமைத் தாங்கும் ஏற்பாடு வேண்டும். சுவிங்ஆர்ம் பிவட்டின் இரு முனையிலும் பிடித்து ஃபிரேமையே தூக்கும் ஸ்டாண்டுகள் வெளிநாடுகளில் கிடைக்கின்றன. ஒவ்வொரு மாடலுக்கும் தனி அடாப்டர் வேண்டும். இந்த வீட்டுக்கு அது தேவையில்லை, அந்த வேலை பட்டறைக்கே போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

ஸ்பூலா, பேடா?

பேடாக் ஸ்டாண்டிலும் இரண்டு வகை. சுவிங்ஆர்மின் இருபுறமும் ஸ்பூல் எனப்படும் உருளைக் குமிழ்களை மாட்டி, ஸ்டாண்டின் வி வடிவக் கவ்வியில் அவற்றை உட்காரவைப்பது ஒன்று. எல் வடிவில் வளைந்த, மேலே ரப்பர் ஒட்டிய பேட்கள் சுவிங்ஆர்மை அடியில் தாங்குவது இன்னொன்று. சந்தேகமில்லாமல் ஸ்பூல் வகைதான் உறுதியானது. குமிழ் கவ்விக்குள் விழுந்துவிட்டால் முன்னும் பின்னும் நகராது, பக்கவாட்டிலும் நழுவாது.

ஆனால் ஸ்பூல் மாட்ட சுவிங்ஆர்மில் மரை வெட்டிய துளை கம்பெனியிலிருந்தே இருக்க வேண்டும். கேடிஎம் டியூக் மாதிரி வண்டிகளில் இருக்கிறது. அந்த மேனுவல்களில் பின் ஸ்டாண்டில் ஏற்றும் முறையே தனிப் பகுதியாக இருக்கும். துளையின் அளவு வண்டிக்கு வண்டி மாறும். 6, 8, 10 மி.மீ. என்று மூன்று அளவில் ஸ்பூல்கள் விற்கிறார்கள், மரையின் இடைவெளியும் வேறுபடும். மேனுவலைப் பார்க்காமல் வாங்கி, நுழையாததைச் சாவி போட்டு முறுக்கினால் அலுமினிய சுவிங்ஆர்மின் மரை உரிந்துவிடும். அதன்பின் அதைச் சரிசெய்வது பெரிய வேலை.

என்எஸ் 200-இன் சுவிங்ஆர்ம் செவ்வகப் பெட்டி வடிவக் குழாய். நாங்கள் பார்த்த வண்டியில் ஸ்பூலுக்கான துளை இல்லை. "துளை போட்டு நட்டு வெல்டிங் பண்ணிக்கலாங்களா மாமா?" என்று பையன் கேட்டான். வேண்டாம் என்று அழுத்திச் சொன்னேன். பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் உறுப்பு அது. ஒவ்வொரு குழியிலும் அடிவாங்குகிறது. அதில் புதிதாக ஒரு துளையும் சூடுபட்ட இடமும் உண்டாக்கினால் விரிசல் தொடங்குவது அங்கேதான். அடிப்பக்கம் தட்டையாக இருக்கும் பெட்டி வடிவ சுவிங்ஆர்முக்கு எல் பேடே நன்றாகப் பொருந்தும். உருண்டையான குழாயாகவோ அடியில் வளைவாகவோ இருந்தால்தான் எல் பேட் நம்பகம் குறைந்தது.

வாங்கும்போது பார்த்தவை

உள்ளூரில் அடித்த ஸ்டாண்டுகள் 1,500 ரூபாயிலிருந்து கிடைக்கின்றன, பேர் உள்ளவை அதைவிட இரண்டு மூன்று மடங்கு. விலையை விட்டுவிட்டு நான்கு விஷயத்தைக் கையால் தொட்டுப் பார்த்தோம்.

முதலில் கைப்பிடியின் நீளம். பேடாக் ஸ்டாண்ட் வேலை செய்வது கடப்பாரைக் கணக்கில்தான். ஸ்டாண்டின் சக்கரம் தரையைத் தொடும் இடம்தான் ஊன்றுபுள்ளி. வண்டி உட்காரும் பேட் அதிலிருந்து சுமார் 11 செ.மீ. தள்ளி இருக்கிறது, கை அழுத்தும் இடம் 62 செ.மீ. தள்ளி. வண்டியின் எடையில் பாதி, கிட்டத்தட்ட 78 கிலோ, பின்பக்கம் வருகிறது என்று வையுங்கள். 78-ஐ 11-ஆல் பெருக்கி 62-ஆல் வகுத்தால் 14 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஒரு கையால் அழுத்திவிடலாம். கைப்பிடி 45 செ.மீ. மட்டும் இருந்தால் அதே வண்டிக்கு 19 கிலோ ஆகிவிடும். ஐந்து கிலோதானே என்று தோன்றும். தனியாளாக ஒரு கையில் வண்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு மறுகையால் அழுத்தும்போது, சீராக அழுத்துவதற்கும் எம்பிக் குத்தி அழுத்துவதற்கும் உள்ள வேறுபாடு அந்த ஐந்து கிலோவில் இருக்கிறது. குத்தி அழுத்தும்போதுதான் பேட் நழுவும்.

இரண்டாவது குழாயின் சுவர் தடிமன். பட்டறைக்காரர்களிடம் கேஜ் கணக்கில் கேட்டால் சரியாகச் சொல்வார்கள். 14 கேஜ் என்றால் சுமார் 2 மி.மீ., 16 கேஜ் 1.6 மி.மீ., 18 கேஜ் 1.2 மி.மீ. எண் கூடக் கூடச் சுவர் மெலியும். கடையில் பார்த்த மலிவான ஒன்றை எடுத்துத் தரையில் ஊன்றி இருபுறமும் அகட்டிப் பார்த்தபோதே கொஞ்சம் விரிந்து கொடுத்தது. வண்டி ஏறினால் பேட்கள் வெளிப்புறம் அகன்று சுவிங்ஆர்ம் நடுவில் விழ வாய்ப்புண்டு. யு வடிவத்தின் இரண்டு கைகளையும் குறுக்கே இணைக்கும் கம்பி இருக்கிறதா, மூலைகளில் முக்கோணத் தட்டு வைத்து வெல்டிங் செய்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

அகலம் மாற்றும் வசதி மூன்றாவது. பேட் மாட்டிய கையை உள்ளே வெளியே இழுத்து போல்ட்டால் இறுக்கும்படி இருக்க வேண்டும். கடைசியாகச் சக்கரம். நைலான் சக்கரம் போதும், ஆனால் அதன் நடுவே ஓடுவது வெறும் ஆணியா, நட்டு போட்ட போல்ட்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கிரில் பட்டறையில் அடிக்கலாம் என்ற மச்சானின் யோசனை இங்கே உண்மையிலேயே பொருந்தும். 14 கேஜ் குழாயில், நல்ல வெல்டர் கையால் அடித்தால் கடையில் கிடைப்பதைவிடத் திடமாகவே வரும். ஆனால் கோணம் முக்கியம். கைப்பிடி தரையைத் தொட்டு நிற்கும்போது பேட் ஸ்டாண்டின் சக்கரத்துக்கு நேர் மேலே இருந்தால் போதாது, அதைக் கொஞ்சம் தாண்டிப் பின்னால், கைப்பிடிப் பக்கம், வந்து நிற்க வேண்டும். அப்போதுதான் வண்டியின் எடையே கைப்பிடியைத் தரையோடு அழுத்தி வைக்கும். தாண்டாமல் நின்றால் வண்டி எந்த நேரமும் முன்னால் இறங்கப் பார்க்கும். மாதிரிக்கு ஒரு ஸ்டாண்டைக் கொண்டுபோய்க் காட்ட வழியில்லாததால் கடையிலேயே நடுத்தர விலையில் ஒன்றை வாங்கினோம்.

போர்டிகோவில் ஏற்றியது

ஸ்டாண்ட் வந்த ஞாயிற்றுக்கிழமை பையன் நேராகப் போர்டிகோவில் வண்டியை நிறுத்தினான். நம் ஊர் போர்டிகோக்களில் மழைத்தண்ணீர் தேங்காமல் ஓட கேட் பக்கம் வாட்டம் கொடுத்துத்தான் தளம் போடுவார்கள். கண்ணுக்குத் தெரியாது. ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தோம். தண்ணீர் கேட்டை நோக்கி ஓடியது, அதோடு இடதுபுறம் கொஞ்சம் ஒதுங்கியும் போனது.

இந்த வாட்டத்தைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். பேடாக் ஸ்டாண்டில் ஏறியபின் வண்டி முன்னால் நகர்ந்தால் பேட்கள் முன்னோக்கிச் சுழலும், கைப்பிடி எழும்பும், வண்டி இறங்கிவிடும். பின்னால் தள்ளினால் கைப்பிடி இன்னும் தரையோடு அழுந்தும். ஆகவே வாட்டம் உள்ள இடத்தில் முன்சக்கரம் மேட்டுப் பக்கம் பார்த்திருக்க வேண்டும். கேட்டைப் பார்த்து, அதாவது பள்ளத்தைப் பார்த்து, நிறுத்துவது ஆபத்து. குறுக்கே நிறுத்துவது அதைவிட மோசம், வண்டி பக்கவாட்டில் சாயப் பார்க்கும். எல்லாவற்றிலும் நல்லது மட்டமான இடம்தான். வீட்டுச் சுவரை ஒட்டி, படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஊற்றிய தண்ணீர் ஓடாமல் நின்றது. அந்த இடத்தைத்தான் எடுத்துக்கொண்டோம். தளம் வழுவழுப்பான டைல்ஸ் என்பதால், கைப்பிடி உட்காரும் இடத்தில் பழைய சைக்கிள் டயரில் ஒரு துண்டு வெட்டிப் போட்டோம்.

பிறகு பேட்களின் இடம். சுவிங்ஆர்மின் வெளி அகலத்தை அளந்து, இருபுறமும் ஒரு விரல்கூட விடாமல் சில மில்லிமீட்டர் மட்டும் இடம்விட்டு போல்ட்டை இறுக்கினோம். பையன் பேடை நன்றாகப் பின்னால், செயின் அட்ஜஸ்டர் போல்ட்டுக்கு அடியில் வைத்திருந்தான். ஆக்சிலுக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது என்று அவன் நினைத்ததில் தவறில்லை. ஆனால் அந்த முனையில் எடை விழுந்தால் அட்ஜஸ்டர் தட்டு வளையும், அப்புறம் சக்கரத்தை நேராக வைப்பதே பாடாகிவிடும். குழாயின் தட்டையான பகுதி தொடங்கும் இடத்துக்கு வரும்படி முன்பக்கமாக நகர்த்தினோம்.

இடதுபுறம் இன்னொரு தடங்கல். ஸ்டாண்டின் கை சேலை கார்டில் முட்டியது. பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு இருக்க வேண்டும் என்பது நம் மத்திய மோட்டார் வாகன விதி. வெளிநாட்டு வண்டிகளை வைத்து எடுத்த வீடியோக்களில் அந்தக் கம்பிக்கூடு இருக்காது, அதனால் இந்தச் சிக்கலை யாரும் பேசுவதும் இல்லை. சிலர் கார்டைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். பின்னால் அம்மாவோ தங்கையோ சேலையோடும் துப்பட்டாவோடும் உட்காரும் வண்டியில் அதைக் கழற்றுவதை நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். பேடை இன்னும் ஒரு விரல் முன்னால் நகர்த்தியதும் கை கம்பியைத் தொடாமல் நுழைந்தது.

தூக்கும் முறை இதுதான். கியர் நியூட்ரலில், சைடு ஸ்டாண்ட் விரித்தபடியே இருக்க வேண்டும். அதை மடிக்கவே கூடாது, தூக்கும்போது வண்டி இடப்புறம் சாய்ந்தால் தாங்கிப்பிடிப்பது அதுதான். இடப்பக்கம் நின்று, இடது கையால் பின்னிருக்கைக் கைப்பிடியைப் பிடித்து வண்டியை நிமிர்த்தி, வலது கையால் ஸ்டாண்டை நுழைத்து, இரண்டு பேட்களும் சுவிங்ஆர்மைத் தொடும்வரை மெல்ல அழுத்த வேண்டும். தொட்டதும் நிறுத்தி, வலப்பக்க பேட் உட்கார்ந்திருக்கிறதா என்று எட்டிப் பார்க்க வேண்டும். அதன்பிறகே முழுதாக அழுத்துவது. அழுத்தும்போது வண்டி இரண்டு மூன்று விரல் அளவு பின்னால் வரும், அது இயல்பு. பழகும்வரை வலப்பக்கம் இன்னொருவர் நின்றே ஆக வேண்டும். ஏறியபின் முன் பிரேக் லிவரை ஹேண்டில்பாரோடு சேர்த்து ரப்பர் பட்டை போட்டுக் கட்டிவிட்டால் முன்சக்கரம் உருளாது.

பையன் முதல் தடவை அழுத்தியபோது பாதியில் ஒரு கணம் நிறுத்தினான். அது நல்ல பழக்கம். பாரம் தொடக்கத்தில்தான் அதிகம். பேட் ஸ்டாண்டின் சக்கரத்துக்கு மேலே வரவர இலகுவாகி, கடைசியில் கைப்பிடி தானே கீழே போக ஆரம்பிக்கும். அந்த இடத்தில் கையை விட்டுவிடாமல் பிடித்து இறக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டி தடாலென்று உட்காரும்.

ஸ்டாண்டில் செய்த வேலை

செயினை மண்ணெண்ணெய் நனைத்த மென்மையான பிரஷ்ஷால் தேய்த்தோம். பெட்ரோல் கூடாது. ஓ-ரிங் செயின்களில் அந்த ரப்பர் வளையங்களைப் பெட்ரோல் கெடுத்துவிடும், வீட்டு வாசலில் தீப்பிடிக்கும் அபாயமும் இருக்கிறது. துடைத்து உலர்ந்ததும் 90 எண் கியர் ஆயிலை, சக்கரத்தைக் கையால் மெல்லப் பின்னோக்கிச் சுற்றியபடி, செயினின் உள்பக்கத்தில் சொட்டுச் சொட்டாக விட்டோம். ஒரு சுற்று முடிந்தது தெரிய ஓர் இணைப்பில் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தோம்.

இங்கே ஒன்றை எத்தனை முறை சொன்னாலும் தகும். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று என்ஜினை ஓடவிட்டு, முதல் கியரில் போட்டு, ஓடும் செயினில் துணியையோ பிரஷ்ஷையோ வைக்காதீர்கள். துணி ஸ்பிராக்கெட்டில் மாட்டினால் விரலும் கூடவே போகும். கையை இழுக்க நேரமே இருக்காது. பின்சக்கரம் எளிதாகச் சுற்றுகிற ஸ்டாண்ட் வந்தபிறகுதான் இந்த ஆசை வருகிறது என்பதால், ஸ்டாண்ட் வாங்கித் தருபவர் இதையும் சொல்லியே கொடுக்க வேண்டும். கையால் சுற்றும்போதுகூட லுங்கி முனையும் தோள் துண்டும் செயின் பக்கம் தொங்கக் கூடாது.

சக்கரத்தைச் சுற்றியதில் செயின் ஓரிடத்தில் மற்ற இடங்களைவிட இறுகுவது தெரிந்தது. தரையில் உருட்டிக்கொண்டிருந்தவரை இது தெரியவேயில்லை. தொய்வை அளக்க வேண்டியது அந்த இறுகிய இடத்தில்தான். தொய்வான இடத்தில் அளந்து சரிசெய்தால் இறுகிய இடம் ஓடும்போது கம்பியாகிவிடும்.

ஆக்சில் நட்டைத் தளர்த்தும் கட்டம் வந்தபோது வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கச் சொன்னேன். "ஏற்றினதே அதுக்குத்தானுங்களே மாமா?" என்றான். கெட்டியாக முறுக்கிய நட்டுக்கு நீளக் கைப்பிடி போட்டு உடம்பு பலத்தைக் கொடுக்க வேண்டும். அந்த இழுப்பில் எல் பேட் மேல் இருக்கும் வண்டி பக்கவாட்டில் நழுவும். பெரிய நட்டுகளை முதலில் தரையில் வைத்து அரைச் சுற்று தளர்த்திவிட்டு, பிறகு ஏற்றி, மீதியை ஸ்டாண்டில் செய்ய வேண்டும். முடித்தபின் கடைசி முறுக்கும் தரையில்தான், மேனுவல் சொல்லும் டார்க்குக்கு, அதாவது முறுக்கும் விசையின் அளவுக்கு.

வண்டியை இறக்குவதில்தான் அவசரம் அதிகம் நடக்கும். ரப்பர் பட்டையை அவிழ்த்து, சைடு ஸ்டாண்ட் விரிந்திருக்கிறதா என்று பார்த்து, பின்னிருக்கைக் கைப்பிடியை இடது கையில் பிடித்தபிறகே ஸ்டாண்டின் கைப்பிடியைத் தூக்க வேண்டும். பையன் வண்டியை இறக்கும் முன் ஒவ்வொரு தடவையும் "சைடு ஸ்டாண்ட்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறான். நான் சொல்லிக்கொடுத்ததல்ல, அவனே வைத்துக்கொண்ட வழக்கம்.

ஸ்டாண்டில் ஏற்றிய வண்டியின் மேல் யாரும் உட்காரக் கூடாது, பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளைகள் வாசலில் விளையாடும் நேரத்தில் ஏற்றி வைக்கவும் கூடாது என்று அக்கா போட்ட இரண்டு விதிகளும் அந்த வீட்டில் இன்றுவரை நடைமுறையில் இருக்கின்றன. வேலை முடிந்தால் வண்டி உடனே இறங்கிவிடும், ஸ்டாண்ட் மாடிப்படிக்கு அடியில் போய்விடும். பேட் ரப்பரில் எண்ணெய் பட்டிருந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்துத்தான் உள்ளே வைக்கிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கு உள்ள ரப்பரில் அடுத்த தடவை சுவிங்ஆர்ம் வழுக்கும்.

முன் ஸ்டாண்டை ஏன் இப்போது வாங்கவில்லை

கடைக்காரர் முன், பின் இரண்டையும் ஜோடியாகக் கொடுக்கத் தயாராக இருந்தார். பையனுக்கும் ஆசை. இங்கேயும் அதே கேள்விதான், எங்கே பிடிக்கிறது? ஜோடியில் வரும் முன் ஸ்டாண்ட் பெரும்பாலும் ஃபோர்க்கின் அடிமுனைகளைத் தாங்குவது. முன்சக்கரத்தைக் கழற்ற அது போதும். ஆனால் ஃபோர்க் ஆயில் சீல் மாற்ற உதவாது, ஏனென்றால் கழற்ற வேண்டிய ஃபோர்க்கின் மேலேயே வண்டி நின்றுகொண்டிருக்கும். அதற்கு ஹேண்டில்பாருக்குக் கீழே, ஹேண்டில் திரும்பும் பேரிங்கான கோன் செட் இருக்கும் குழாயின் அடித்துளையில் ஊசி நுழைத்துத் தூக்கும் வகை வேண்டும். அந்தத் துளை வண்டியில் இருக்கிறதா, எந்த அளவு ஊசி நுழையும் என்று பார்த்துத்தான் வாங்க முடியும்.

இரண்டில் எதுவானாலும் பின்சக்கரம் முதலில் பின் ஸ்டாண்டில் ஏறியிருக்க வேண்டும், அதன்பிறகே முன்பக்கம். இறக்கும்போது முதலில் முன்பக்கம். பின்சக்கரம் தரையில் உருண்டுகொண்டிருக்க, சைடு ஸ்டாண்டை மட்டும் நம்பி முன்பக்கத்தைத் தூக்கினால் வண்டியைப் பக்கவாட்டில் பிடிக்க எதுவும் இல்லை.

முன்சக்கரத்தில் இப்போது பையனுக்கு இருக்கும் வேலை பிரேக் பேட் மட்டும். பிரேக் பேட்களைப் பிடித்திருக்கும் காலிப்பரை அவிழ்த்து பேட் மாற்ற சக்கரத்தைத் தூக்கத் தேவையே இல்லை, சைடு ஸ்டாண்டில் நிறுத்தியே செய்யலாம். டியூப்லெஸ் டயர் என்பதால் பஞ்சருக்கும் சக்கரத்தைக் கழற்றுவதில்லை. ஆகவே அந்தப் பணத்தில் ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கினோம். ஆக்சில் நட்டு, காலிப்பர் போல்ட் இரண்டுக்கும் அது உடனே வேலைக்கு வந்தது. மச்சான் தன் ஸ்பிளெண்டரின் பின் ஆக்சிலையும் அதிலேயே முறுக்கிப் பார்த்துக்கொண்டார். ஃபோர்க் ஆயில் சீல் வேலை என்று ஒரு நாள் வந்தால், துளையை அளந்துவிட்டு, ஊசி வகை முன் ஸ்டாண்டை மட்டும் தனியாக வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு.